குருடாயில் விலை குறைந்த ஐப்பசி

பெட்ரோல் பங்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்குச் சட்டையும் தொப்பியும் கொடுத்திருப்பார்கள். வண்டியை எங்கே நிறுத்தச் சொல்ல வேண்டும், பெட்ரோல் ஊற்றும் நாசிலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பழக்கியிருப்பார்கள். திட்டு வாங்க மட்டும் யாரும் பழக்கியிருக்க மாட்டார்கள். அந்தப் பாடம் என்னிடம் நிறைய இருக்கிறது. கோவில்பட்டிக்கு வெளியே ரோட்டோரப் பங்கு ஒன்றில் இருபத்தைந்து வருஷம் நின்று சேர்த்தது.

தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி அடைத்துக்கொண்டிருந்த நான் தொண்ணூறுகளின் நடுவில் பங்குக்கு வந்தேன். "பொம்பளைப் பிள்ளையா பெட்ரோல் போடுது?" என்று வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்துவிட்டு, போடாமலே போனவர்கள் உண்டு. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே விலை ஏறியது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், "நேத்து ஒரு வெல, இன்னைக்கு ஒரு வெல. கொள்ளையா அடிக்குதீங்க?" என்று ரூபாய்த் தாளைத் தரையில் வீசினார். நான் குனியவில்லை. "எடுத்துக் கையில குடுங்க அண்ணாச்சி. நான் பெட்ரோலைத் தரையிலயா ஊத்துனேன்?" என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் எடுத்துக் கொடுத்தார். விலை வைக்கிறவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள், அவர்கள் முகம் யாருக்கும் தெரியாது. தெரிகிற முகம் நம்முடையதுதான். அதற்காக நாம் குனிய வேண்டியதில்லை.

ஆனால் நிமிர்ந்து நிற்கிறவள் வாயைப் பார்த்துத் திறக்க வேண்டும். நான் திறந்த லட்சணத்தைக் கேளுங்கள்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் டீசலை டீசல் என்று சொல்ல மாட்டார்கள். குருடாயில் என்பார்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்க எஞ்சின் வந்த காலத்தில் அதற்கு ஊற்றியதை 'க்ரூட் ஆயில்' என்று யாரோ சொல்லிவிட்டுப் போக, கரிசல்காட்டு வாயில் விழுந்து அது குருடாயில் ஆகிவிட்டது. அந்த எஞ்சின்களெல்லாம் காயலாங்கடைக்குப் போய்ச் சேர்ந்தும் பெயர் போகவில்லை. டிராக்டருக்கு ஊற்றுவதும் குருடாயில், லாரிக்கு ஊற்றுவதும் குருடாயில். பூமிக்கு அடியிலிருந்து கறுப்பாக எடுத்துக் கப்பலில் ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்கிறார்களே, அந்தக் கச்சா எண்ணெய்க்கும் இங்கிலீஷில் அதே பெயர்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தவள்தான் தப்புச் செய்தேன்.

அது இரண்டாயிரத்து எட்டு. ஆடி மாதம் வாக்கில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை அதுவரை யாரும் காணாத உயரத்துக்குப் போய், பிறகு மளமளவென்று இறங்க ஆரம்பித்தது. டிவியைத் திறந்தால் அதுதான் செய்தி. அப்போது நான் சூப்பர்வைசர். புரட்டாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம், பஸ்ஸும் லாரியும் வரிசை கட்டி நிற்கிற நேரத்தில், ரெங்கசாமி மாமா டிராக்டரில் வந்தார். இடைசெவல் பக்கத்துக்காரர். சொந்தப் புஞ்சையும் உண்டு, ஊருக்கெல்லாம் வாடகைக்கு உழுவதும் உண்டு. எனக்கு உறவு ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக என்னிடமே டீசல் வாங்கி மாமா ஆனவர்.

"ஏட்டி, குருடாயில் வெல கொறஞ்சிருச்சாமே? டிவியில சொல்லுதான்."

"ஆமா மாமா, நல்லாக் கொறஞ்சிருச்சு. இன்னும் கொறையுமாம்."

"இங்கன எப்ப?"

"வராமயா போகும்? பத்துப் பதினஞ்சு நாள்ல வந்துரும்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் கேட்டது டீசலை, நான் சொன்னது கச்சா எண்ணெயை. 'எதைக் கேக்குதீங்க மாமா?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைவிடப் பெரிய தப்பு அந்தப் பத்துப் பதினைந்து நாள். அதை எனக்கு யார் சொன்னது? ஒருத்தரும் சொல்லவில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் திட்டிக்கொண்டே இருக்கிற வேலையில், ஒரு நாளாவது நல்ல செய்தி சொல்லுவோமே என்று நாக்கு அரித்தது. டிரெய்லரில் இரண்டு காலிப் பேரல் கொண்டுவந்திருந்தார். மழைக்கு முன்னால் வாங்கி வைத்துக்கொள்வது அவர் வழக்கம். காலியாகவே திருப்பிக் கொண்டுபோனார். அதையும் என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் உறைக்கவில்லை.

ஊருக்குப் போய் அவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார், "பொறுங்க, பங்குப் பிள்ளையே சொல்லிருச்சு, இப்ப வாங்கிப் போட வேண்டாம்" என்று. ஊரும் பொறுத்தது. எங்கள் முதலாளியும் பொறுத்தார். விலை இறங்கப் போகிறது என்று தெரிந்தால், கூடின விலைக்கு வாங்கி டேங்கை நிரப்ப எந்த முதலாளிக்கு மனசு வரும்? பாதி லோடாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். பதினைந்து நாள் போயிற்று, இருபது நாளும் போயிற்று. கச்சா எண்ணெய் பாதி விலைக்கும் கீழே போனது. டீசல் விலை பைசா இறங்கவில்லை.

ஐப்பசியில் இரண்டு நாள் இடைவிடாமல் மழை பெய்தது.

வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளுக்காகக் கரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. மழை விட்ட மறுநாள் அதில் கால் வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அப்படியே விட்டு நாலு நாள் வெயில் காய்ந்தால் கலப்பைக் கொழு இறங்காது. நடுவில் இரண்டு மூன்று நாள்தான் பதம். அதற்குள் உழுது விதைத்தவனுக்கு உளுந்தும் பாசியும் கம்பும். தவறவிட்டவனுக்கு அடுத்த மழை, அது வந்தால்.

வெயில் அடித்த முதல் நாள் காலையில் நான் வேலைக்கு வந்தபோது ரோட்டின் இரண்டு பக்கமும் டிராக்டர் நின்றது. பேரல், கேன், பிளாஸ்டிக் குடம் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். டீசல் பம்பில் நின்ற முருகலட்சுமி முகம் வெளிறிப்போய் ஓடிவந்தாள்.

"அக்கா, வெலயைக் கொறச்சுப் போட்டாத்தான் நகருவோம்னு நிக்காவ. பம்புல கை வைக்க விட மாட்டேங்காவ."

முன்னால் நின்றது ரெங்கசாமி மாமாதான்.

"உலகம் பூராக் குருடாயில் பாதி வெலைக்கு வந்துருச்சு. நீ மட்டும் பழைய வெலையையே எழுதிப் போட்டிருக்க. நீதானட்டி கொறையும்னு சொன்ன? உன் பேச்சை நம்பில்லா ஊரையே இருக்கச் சொன்னேன்!"

முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"நீ ஒண்ணுமே சொல்லலைன்னு சாதிச்சிரு. எழுத்தாவா இருக்கு? டேங்குல கெடக்கது மில்லு வண்டிக்கும் பஸ்ஸுக்குமே பத்தாது. 'ஸ்டாக் இல்லை' போர்டை எடுத்து மாட்டு. ரெண்டு நாள்ல கூட்டம் கலைஞ்சிரும்."

இரண்டு நாளில் கூட்டம் மட்டுமா கலையும்? பதமும் கலைந்துவிடும்.

"ஸ்டாக் இருக்கு மொதலாளி. இல்லைன்னு போர்டு மாட்ட மாட்டேன்."

"அப்ப நாளையில இருந்து வேலைக்கு வர வேண்டாம்."

"நாளையில இருந்துதான? இன்னைக்கு வேலையைப் பாத்துட்டுப் போறேன்."

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பவும் தீப்பெட்டி ஆபீஸில் போய் உட்காரவேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். பம்பு மேடையில் ஏறி நின்றேன்.

"நான்தான் சொன்னேன். கொறையும்னு சொன்னது நான்தான். தப்பு என்னோடது. மாமா பேர்ல ஒரு தப்பும் இல்லை."

சத்தம் அடங்கியது. தப்பை ஒப்புக்கொள்கிறவளை என்ன செய்வது என்று ஒரு கூட்டத்துக்கும் சட்டென்று தெரியாது. அந்த இடைவெளி கொஞ்ச நேரம்தான் இருக்கும், அதற்குள் பேசிவிட வேண்டும்.

"மாமா, நீங்க கேட்ட குருடாயில் வேற, நான் சொன்ன குருடாயில் வேற."

"என்னட்டி விடுகதை போடுத?"

"விடுகதை இல்லை. பருத்தி வெல பாதியா விழுந்துச்சுன்னா, மறுநா கடையில வேட்டி வெல பாதியாயிருமா?"

கூட்டத்திலிருந்து ஒருவர் சொன்னார், "அதெப்படி ஆகும்? அரைக்கவன், நூல் நூக்கவன், நெய்யுதவன், கடைக்காரன்னு எல்லாவனும் இருக்காம்லா நடுவுல."

"அதான். டிவியில சொல்லுதது பருத்தி. நீங்க வாங்குதது வேட்டி. ரெண்டுக்கும் நாம ஒரே பேரை வச்சிருக்கோம்."

சிலர் தலையை ஆட்டினார்கள். ரெங்கசாமி மாமா ஆட்டவில்லை. "எம்மவன் இருக்க சவுதியில தண்ணியைவிட மலிவாங்கான். அங்க மட்டும் எப்படி? அவன்ட்டயே கேளு" என்று செல்போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார். மகன் அங்கே லாரி ஓட்டுகிறான்.

"தம்பி, ஆடி மாசம் உலகமே வெல ஏறிப்போச்சுன்னு கத்துச்சே, அப்ப அங்க ஏறுச்சா?"

"இல்லக்கா."

"இப்ப இறங்கிருக்கா?"

"அதுவும் இல்லக்கா. இங்க எப்பமும் ஒரே வெலதான். அவிய பூமியில அவியளே எடுக்காவ, கவர்மெண்டு வச்சதுதான் வெல."

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அந்த நேரம் பார்த்து முருகலட்சுமிக்கு வாய் நிற்கவில்லை. "அக்கா, எங்க வீட்டுக்காரவுக சிங்கப்பூர்ல லாரிதான ஓட்டுதாவ. அங்க ரெண்டு மூணு மட்டம் கொறஞ்சிருச்சாம்லா" என்றாள். கூட்டம் மறுபடியும் கொதித்தது. அவளை அப்படியே டேங்குக்குள் இறக்கி மூடியிருப்பேன். ஆனால் சொன்னது பொய்யில்லையே.

"ஏட்டி, ஏறும்போது அங்க எப்படி ஏறுச்சுன்னு கேட்டியா?"

"அதை ஏன் கேக்குதீங்க! அடிக்கடி ஏத்துதான்னு அழாத கொறையாச் சொன்னாவ."

"கேட்டீங்களா? அங்க சந்தை மேல போனா வெல மேல, கீழ வந்தா கீழ. சவுதியில எண்ணெய் அவிய வீட்டுக் கெணறு, அசைய விட மாட்டாவ. நமக்குக் கெணறும் பத்தாது, சந்தைக்கும் விட மாட்டாவ. கப்பல்ல வரணும், டாலர் குடுத்து வாங்கணும், ரூவாயோட மதிப்பும் இப்ப விழுந்துகிட்டே இருக்கு. அதுக்கு மேல டெல்லி வரி, மெட்ராஸ் வரி. ஏறுன காலத்துல முழுசா ஏத்தாமப் பிடிச்சு வச்சாங்க. அந்த நஷ்டத்தை அடைக்கணும்னு இப்ப இறக்காம வச்சிருக்காங்க. எப்ப இறக்குவாங்கன்னு எனக்குத் தெரியாது. போன மட்டம் தெரிஞ்ச மாதிரிச் சொன்னேன். இந்த மட்டம் தெரியாதுன்னே சொல்லுதேன்."

"அப்ப இது அநியாயம்லா?" என்றார் மாமா.

"நியாயம்னு நான் சொன்னேனா?"

பிள்ளைகளே, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். விலை ஏன் இப்படி இருக்கிறது என்று விளக்குவது நம் வேலையாக வரலாம். அந்த விலைக்கு வக்கீலாக நிற்பது நம் வேலை இல்லை. அந்தச் சட்டையை யார் கொடுத்தாலும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

டேங்கில் குச்சி விட்டு இருப்பைப் பார்த்தேன். "டிராக்டருக்கு இருபது லிட்டர். பேரலுக்குக் கெடையாது. பதம் போறதுக்குள்ள ஓட்டுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் வந்தார்கள். நடுவில் மில் வண்டி ஒன்று வந்து ஆரன் அடித்தது. டிரைவரிடம் போய், "மில்லு நாளைக்கும் இருக்கும், பதம் நாளான்னைக்கு இருக்காது. திரும்பிப் போங்க" என்றேன். அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி இருபது டிராக்டர்க்காரர்களைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முழு லோடுக்குப் போன் போட்டார்.

ரெங்கசாமி மாமா முதலில் வந்தவர். ஆனால் வரிசையில் எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வாங்கினார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளும் நான் வேலைக்குப் போனேன். முதலாளி என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. 'காற்று இலவசம்' என்று எழுதியிருந்த கரும்பலகையை எடுத்துத் துடைத்து, சாக்குக்கட்டியால் பெரிதாக எழுதினேன். டிவியில் சொல்வது கச்சா எண்ணெய் விலை, இங்கே விற்பது டீசல் விலை. ஒரு லிட்டருக்கு நீங்கள் கொடுப்பதில் எண்ணெய்க்கு எவ்வளவு, டெல்லிக்கு எவ்வளவு, மெட்ராசுக்கு எவ்வளவு, எங்கள் பங்குக்கு எவ்வளவு. பேப்பரில் வந்ததையும் முதலாளி மேஜையில் கிடந்த காகிதத்தையும் வைத்து எழுதினேன். பஸ் டிரைவர்கள் இறங்கி வந்து படித்தார்கள். ஒருவர் தன் பையில் குறித்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி காரில் வந்தார்.

"இதை யாரும்மா எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலை சார்."

"அழிச்சிடுங்க."

"இதுல எது பொய்னு சொல்லுங்க சார். அதை மட்டும் அழிக்கேன்."

அவர் மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார். "பொய்னு நான் சொல்லல. ஆனா இதெல்லாம் பங்க்ல எழுதறது இல்ல" என்றார்.

"அப்ப சார் கையாலயே அழிச்சிருங்க."

அழித்தார். ஈரத்துணியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் கார் திரும்பியதும் மறுபடி எழுதினேன். முதலாளி அழித்தார், நான் எழுதினேன். ஒரு நாள் காலையில் பலகையே காணவில்லை. அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொன்னேன். அதை எந்தத் துணியால் துடைப்பார்கள்? என் சூப்பர்வைசர் வேலையைப் பறித்து வேறொருவருக்குக் கொடுத்தார்கள். நான் நாசிலைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த வேலைதானே. சம்பளம் குறைந்தது வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கார்த்திகையில் கயத்தாறு பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனேன். இடைசெவல் தாண்டும்போது ரோட்டின் இருபுறமும் பச்சை. எனக்கு அப்படி ஒரு நிறைவு. நாம் கொடுத்த இருபது லிட்டரும் சேர்ந்துதான் இந்தப் பச்சை என்று மனசுக்குள் ஒரு பெருமை. அதற்கு நடுவில் ஒரு புஞ்சை மட்டும் கறுப்பாக வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்த ஊர்க்காரர். அவரிடம் கேட்டேன்.

"அது ரெங்கசாமி புஞ்சை. ஊரைக் காக்க வச்சது நான், ஊர்ப் புஞ்சையெல்லாம் முடிஞ்சாத்தான் என்னோடதுன்னு பிடிவாதமா நின்னாரு. கடைசியில அவருதுக்கு வரும்போது கொழு இறங்கலை. அப்புறம் மழையும் இல்லை."

கல்யாண வீட்டில் எனக்குச் சாப்பாடு செல்லவில்லை. நான் ஒரு மேடையில் ஏறி 'தப்பு என்னோடது' என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். நாலு பேர் அதைத் தைரியம் என்றுகூடச் சொன்னார்கள். அந்தத் தப்பைச் சுமந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் வரிசையின் கடைசிக்குப் போய் நின்றிருக்கிறார்.

அந்தக் கார்த்திகையிலேயே டீசல் விலை இறங்கியது. இரண்டு ரூபாய். அதே அதிகாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை காரில் பெரிய பேனரும் மிட்டாய் டப்பாவும் இருந்தன, கூடவே ஒரு போட்டோக்காரர். வருகிற வாடிக்கையாளர்களுக்குப் பெண் பணியாளர்கள் சிரித்த முகத்தோடு மிட்டாய் கொடுக்க வேண்டுமாம், படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். டப்பாவை என் கையில் கொடுத்துப் பேனருக்குக் கீழே நிறுத்தினார்கள்.

அப்போதுதான் ரெங்கசாமி மாமா ஒற்றைக் கேனோடு வந்தார். அதிகாரிக்கு அவர் தலைப்பாகையைப் பார்த்ததும் சந்தோஷம். "விவசாயி! இவருக்கே முதல்ல குடும்மா" என்றார்.

நான் மாமாவைப் பார்த்தேன். "பஸ்ஸுல போகும்போது புஞ்சையைப் பாத்தேன் மாமா" என்றேன்.

"விடுட்டி. ஒரு வருசம் மண்ணு சும்மா கெடந்தா என்ன? இனி மத்தவன் வெள்ளாமையை ஏத்தி எறக்கத்தான் வண்டி. அதுக்கு ஒரு கேன் போதும்."

"சிரிச்சுக்கிட்டே குடும்மா" என்றார் அதிகாரி. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

நான் டப்பாவை மூடினேன்.

"என்னம்மா இது? விலை குறைஞ்சிருக்கு. சந்தோஷமான விஷயம்தானே?"

"விதைப்பு முடிஞ்சு போச்சு சார். இவரு புஞ்சை தரிசாக் கெடக்கு. உங்க கார்லயே போவோம், அரை மணி நேரம்தான். அந்தத் தரிசுல நின்னு வெல கொறஞ்சிருச்சுன்னு நீங்க சொல்லுங்க, அங்கன வச்சு நான் சிரிச்சுக்கிட்டே மிட்டாய் குடுக்கேன்."

அவர் என் கையிலிருந்த டப்பாவை வாங்கிப் பக்கத்திலிருந்த முருகலட்சுமியிடம் நீட்டினார். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அடுத்து நின்றவளும் கட்டிக்கொண்டாள். முதலாளி அறைக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை.

அன்றைக்கு எங்கள் பங்கில் யாரும் மிட்டாய் தின்னவில்லை.